எதைத் தேடினாலும் காவேரி

இல்லாத சொல்லைத் தேடினால் ஒன்றும் வரக்கூடாது. அதைச் சோதிக்கத்தான் பிரதிபா கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டினாள். ஆனால் திரையில் ஒரு பதிவு வந்து நின்றது.

‘கதவைத் திறங்க.’ எழுதியவர்: காவேரி.

ஆயுத பூஜை மாலை. தேவராஜ மொஹல்லாவின் அந்த மாடி அலுவலகத்தில் அவளைத் தவிர யாருமில்லை. கணினிகளெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமந்தி மாலைக்குள் இருந்தன, கற்பூரப் புகை ஜன்னல் கம்பிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, வாசலில் உடைத்த பூசணியின் பச்சை வாடை படியேறி வந்துகொண்டிருந்தது. பூஜை போட்டதை மறுநாள் வரை தொடக்கூடாது. அவள் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் தளத்தின் புதிய தேடல் திறப்பு. மைசூர்த் தமிழ்க் குடும்பங்களின் இணையதளம் அது; அப்பா தமிழெழுத்தில் எழுதுவார், மகள் அதே தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுவாள், பேரன் ஆங்கில எழுத்தில். பழைய தேடலில் வாடகை வீடு கேட்டால் கல்யாண மண்டபம் வரும். மூன்றும் ஒரே பேச்சு என்று இயந்திரத்துக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

‘வாடகை வீடு’ என்று தேடினாள். முதலில் காவேரி. ‘மாவு மில்’. காவேரி.

அந்தப் பெயரை அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில், கணவன் தன்னை அறையில் பூட்டிவைத்திருப்பதாக இதே தளத்தில் எழுதியவள். வீட்டு விஷயத்தைப் பொதுவில் பேசாதே என்று பெரியவர்கள் பதில் போட்டார்கள். தளத்தை நடத்தும் முரளிதரன் பதிவுகளை அழித்தார். பிறகு அந்த அறையிலிருந்து அவளைப் பிணமாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பிரதிபா முரளிதரனுக்குப் போன் போட்டாள்.

“சார், காவேரி போஸ்ட் வருது.”

“இன்னைக்கு கம்ப்யூட்டரைத் தொட்டியா? ஏம்மா, மிஷினுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் பேடவா, வேணாமா?”

“அழிச்சதா சொன்னீங்களே?”



“நானே அழிச்சேன். வந்தா தூக்கிடு. முடியலையா, தேடலே வேணாம். நாளைக்கு நீயும் வர வேணாம்.”

“தேடுறவங்களுக்குக் கிடைக்கணும் சார். அதுக்குத்தானே என்னை வெச்சீங்க?”

“பிரதிபா, சொன்னா கேளு…”

போனை வைத்தாள். பதிவின் கீழே தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி. இப்போதைய நிமிடம்.

திரை தானாக அசைந்தது. இன்னொரு பதிவு. அதே வரி, கன்னட எழுத்தில். எழுதியவர் வேறு பெண். இன்னொன்று, ஆங்கில எழுத்தில். அவள் கேள்விப்படாத பெயர்கள். நூறாயின. நூறு தாண்டின. எல்லாம் அழிக்கப்பட்டவை. எல்லாம் ஒரே வரி.

கீழே, படியில், ஈரக்கால் வைக்கும் சத்தம்.

நீக்கும் பொத்தான் ஒரு பக்கம். வெளியிடும் பொத்தான் ஒரு பக்கம். நீக்கினால் வீட்டுக்குப் போகலாம். நாளைக்கும் வரலாம்.

“மாட்டேன்,” என்றாள் உரக்க.

வெளியிட்டாள்.

விளக்கு அணைந்தது. திரை மட்டும் ஒளிர்ந்தது. சாமந்தி வாடை போய்விட்டது. பூட்டிய அறையின் வாடை. பழைய மூச்சு. துரு.

கதவில் தட்டல். மெதுவாக. விரல் நுனியால்.

போன் துடித்தது. முரளிதரன். எடுத்தாள்.

“எங்க வீட்டுக் கதவைத் தட்டுறாங்க,” என்றது குரல், அழுதுகொண்டே. “யாரோ தட்டுறாங்கம்மா. அதை எடுத்துடு…”

“திறங்க சார்,” என்றாள்.

எழுந்தாள். கதவருகே போனாள். காவேரியின் அறையில் யாரும் விலக்காத தாழ்ப்பாளை நினைத்தாள். இந்தத் தாழ்ப்பாளை விலக்கினாள்.

காவேரி நின்றாள். உயர்த்திய விரல்களில் நகங்கள் இல்லை. அவளுக்குப் பின்னால், படிக்கு ஒருத்தியாக, தெரு வரை, சாத்திய கடைகளைத் தாண்டி, பெண்கள். எல்லோரும் கையை உயர்த்தி, தட்டத் தயாராக.