சாய்வுமானி நாற்காலி

செங்குளத்தில் இப்போது ஊர் அணியின் பெயரைக் கேட்டு நாடி எகிறினால் பதவி கிடையாது. பேச்சும் கிடையாது. வட்டாரக் கபடிக் கழகத்தில் வாய் திறக்க வேண்டுமானால் முதலில் சாய்வுமானி நாற்காலியில் உட்கார வேண்டும். மணிக்கட்டில் ஒரு பட்டை, நெற்றியில் ஒரு பட்டை. அணியின் பெயரை வாசிப்பார்கள். ரத்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கருவி பார்க்கும். சாயாவிட்டால் தலைக்கு மேல் பச்சை விளக்கு. சாய்ந்தால் சிவப்பு, எழுந்து நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தக் கருவியைக் கொண்டுவா என்று மூன்று வருடத்துக்கு முன் தொண்டை கிழியக் கத்தியவர் மாடக்கண்ணு. அப்போது செயலாளராக இருந்த திரவியம், மூச்சுக் கட்டத் தெரியாத தன் மருமகனைக் கேப்டன் ஆக்கியிருந்தார். சொந்தபந்தம் பார்க்கிறவன் எவனும் கழகத்தில் இருக்கக் கூடாது என்று ஊரே கையெழுத்துப் போட்டது. மாடக்கண்ணு கைநாட்டு வைத்தார்.

கருவி வந்தது, திரவியம் போனார், மருமகனின் கேப்டன் பதவியும் போனது. பச்சை வாங்கி உள்ளே வந்த ஐந்து பேரும் நல்லவர்கள்தான். ஒருத்தர்கூடக் கபடி பார்த்ததில்லை. பக்கத்துப் பக்கத்து ஊருக்கு எதற்கு இரண்டு அணி என்று சொல்லி, செங்குளத்து அணியைக் கலைத்து மேலக்கரை அணியோடு சேர்க்க முடிவு செய்துவிட்டார்கள். மேலக்கரையோடு! மாடக்கண்ணுவின் முன்பல் இரண்டும் மேலக்கரை ஆடுகளத்தில்தான் கிடக்கின்றன.

மறுப்பு இருந்தால் இன்று ஐந்து மணிக்குள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லலாம். சொல்லி முடிக்கும்வரை பச்சை எரிகிற ஒரே ஒரு மறுப்புப் போதும், அணி பிழைத்துவிடும்.

மாடக்கண்ணு உட்காரவில்லை. குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

"இந்த வயரு எங்க போவுது?"

"சுவத்துல இருக்க பிளக்குக்கு, தாத்தா," என்றாள் கருவியை இயக்கும் இன்பவல்லி.

"அங்கருந்து?"

"கரண்டுக் கம்பத்துக்கு."

"கம்பத்துக்கு அந்தப் பக்கம் எவன் இருக்கான்னு யாரு கண்டா?"

ஒருவழியாக உட்கார்ந்தார். இன்பவல்லி "செங்குளம்" என்று வாசித்து முடிக்கவில்லை, சிவப்பு.

"களவாணிப் பொட்டி!"

அவருக்குப் பின்னால் பால்காரர், சிவப்பு. பஸ் டிரைவர், சிவப்பு. அணிக்குச் சட்டை தைக்கும் அமலி மூச்சை அடக்கிப் பார்த்தாள். கபடி ஊரில் திரவியத்தின் மருமகனைத் தவிர அது தெரியாதவர் யார்? அதற்கும் சிவப்புதான். வரிசை முழுக்கத் தீர்ந்துபோனது.

ஐந்துக்குப் பத்து நிமிடம். இறால் பண்ணைக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க வந்த திரவியத்தைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"செங்குளம்."

பச்சை.

மாடக்கண்ணு இந்த மனுசன் மேல் ஆயிரம் சந்தேகம் பட்டிருக்கிறார். இது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"ஏன்வே, பதினெட்டு வருசம் செயலாளரா இருந்தீரு. உமக்கு நெஞ்சு இத்தனூண்டுகூட ஆடலியா?"

"எனக்குக் கபடியே பிடிக்காதுவே. ஒரே புழுதி."

"சரி, அது கெடக்கட்டும். மறுக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லும்."

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்க அணி இருந்தா எனக்கு என்ன, போனா எனக்கு என்ன?"

"நாலு நிமிசந்தான் இருக்கு," என்றாள் இன்பவல்லி.

மாடக்கண்ணு சுற்றி நின்ற சனத்தை ஒருமுறை பார்த்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"உம்ம மருமவனையே திரும்பக் கேப்டனாப் போடுதோம். ஊருக்கு முன்னால வச்சுச் சொல்லுதேன். போதுமா? சொல்லித் தொலையும்!"

திரவியத்தின் முகம் விரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படிக் கேளும்வே, மருவாதியா! எழுதிக்கம்மா. செங்குளத்து அணியக் கலைக்கக் கூடாது. நான் மறுக்கேன்!"

இன்பவல்லி எழுதவில்லை. அவர் தலைக்கு மேல் விளக்கு சிவந்திருந்தது.