பதில் பேசக் கூடாத வட்டம்

மனித குலத்தின் ஆன்மத் தேடலில் எல்லோருக்கும் எப்போதும் திறந்தே இருக்கும் கதவு ஒன்று உண்டென்றால், அது மாசசூசெட்ஸில் உள்ள ஹார்லோ என்ற சிற்றூரில், யார் எதை நம்பினாலும் வரவேற்கும் யூனிட்டேரியன் தேவாலயத்தின் கதவுதான். அந்த நவம்பர் ஞாயிறன்று அது மழையில் ஊறி, உப்பி, திறக்க மறுத்தது.

அன்று காபி ஊற்றும் பொறுப்பிலிருந்த கோரா உள்ளேயிருந்து இழுத்தாள். வெளியே யாரோ தோளால் முட்டினார்கள். கதவு சட்டென்று விட்டுக்கொடுக்க... நனைந்த ஆறடி உருவம் ஒன்று அவள்மேல் வந்து மோதியது.

"மன்னிச்சிடுங்க... மழைக்கு ஒதுங்கலாம்னு வந்தேன்."

"இங்க பாதிப் பேர் அப்படி வந்தவங்கதான். இன்னும் மழை விடலன்னு உக்காந்திருக்காங்க."

அவன் சிரித்தான். இமையில் ஒரு துளி... அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கண்கள். காபி ஊற்ற வேண்டியது கோராவுக்கு மறந்துபோனது.

பெயர் வெஸ்லி. பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். காபிக்குப் பிறகு அவனையும் வட்டத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு கூழாங்கல் கைமாறும். கல் யாரிடமோ அவர் மட்டும் தன் நம்பிக்கையைப் பேசலாம். மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, புத்தி சொல்லவே கூடாது. விதியை வகுத்தவள் கோரா.

ஒரு பெண்மணி தன் பூனையிடம் புத்தரைக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் கடலில் கரைந்துபோனாராம். முதியவர் பிரெஸ்காட்டுக்குத் தன் எருக்குழியே மறுபிறவிக்குச் சாட்சி. எல்லோரும் கனிவாகத் தலையசைத்தார்கள். கல் வெஸ்லியிடம் வந்தது.

"நான் தினமும் காலையில கடவுள்கிட்ட வேண்டிக்குவேன்."

தலையசைப்புகள் பாதியில் நின்றன. எதையும் நம்பலாம் என்ற சபையில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை.

"எந்தக் கடவுள்?" கோராவின் குரலில் கேலி இருந்தது.

"கேள்வி கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" கல்லை மெதுவாக அவள் மடியில் வைத்துவிட்டு, ஈரக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும். மன்னிப்புக் கேட்பதா... நானா? யாருக்கும் எதற்கும் மண்டியிடாத மூன்று தலைமுறை ரத்தம் கொதித்தது. ஆனால் அந்தச் சாம்பல் கண்கள் இனி வராமலே போய்விட்டால்? கடைசியில் ரத்தம் ஆறி, விரல்கள் அவனுடைய பியானோ விளம்பரத்தில் இருந்த எண்ணை அழுத்தின.

"வட்டத்துக்கு வாங்க. நான் பேசணும்."

"அங்க நான் பதில் பேச முடியாதே."

"அதனாலதான் கூப்பிடுறேன்."

வந்தான். அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான். கோரா கல்லை இறுகப் பிடித்தாள்.

"அன்னிக்குத் திமிராக் கேட்டேன். தப்பு. அப்புறம்... எனக்கு வெஸ்லியைப் பிடிச்சிருக்கு."

அவன் வாய் திறந்தான். சுற்றிலும் தொண்டைகள் செருமின. விதி விதிதான். கல் இடப்பக்கமாகக் கிளம்பியது. பூனை வந்தது, புத்தரோடு. கடல் வந்தது. பிரெஸ்காட், முட்டை ஓடு மக்குவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அவ்வளவு பொறுமையாக விளக்கினார். கோராவுக்கு எருக்குழியில் குதித்துவிடலாம் போலிருந்தது.

ஒருவழியாகக் கல் அவனிடம் வந்தது.

"நானும் ஒண்ணு ஒத்துக்கணும். தினமும் வேண்டிக்கிறேன்னு சொன்னது பொய். கார் கிளம்பாத அன்னிக்கு மட்டும்தான். எல்லாரும் பெருசு பெருசாச் சொன்னீங்க... கோரா வேற என்னையே பாத்துட்டிருந்தாங்க. ஏதாவது சொல்லணுமேன்னு..."

"சரி, மத்தது?" கோரா விதியை இரண்டாம் முறையாக மீறினாள்.

"மத்தது..." அவன் காது மடல்கள் சிவந்தன. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. வேண்டிக்காமலே."

சாப்பிடப் போகலாம் என்று வெளியே வந்தார்கள். அவன் கார் கிளம்பவில்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, கோரா பின்னால் நின்று சேற்றில் தள்ளினாள்.

"கடவுளே, கிளம்பிடணும்" என்று அவள் வேண்டிக்கொண்டது தேவாலய ஜன்னலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.