வேலியோரம் நட்ட லில்லிகள்

வேலியோரம் நட்ட கிழங்குகளில் முதல் இரண்டு, வேலிக்கு ஐந்தடி இப்பால் முளைத்திருந்தன. விஜயகுமாரி பல் தேய்த்துக்கொண்டே பார்த்தாள். இலையில்லாத இரண்டு தண்டுகள். ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே. நுனியில் சிவப்பு மொட்டு.

அந்தச் சிலந்தி லில்லிக் கிழங்குகளை மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வரவழைத்தவர் அவள் கணவர் ஒச்சப்பன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பல் அணையும் துறையில், அவருக்கு வேலை. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அக்டோபரில் இலைக்கு முன்னால் பூ வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி நட்டார். அடுத்த ஞாயிறு நண்பரின் படகில் மீன் பிடிக்கப் போனவர் கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்த சொந்தங்கள் உடல் இல்லாமலே காரியத்தை முடித்தார்கள். விஜயகுமாரி அழவில்லை. நான்கு மாதமாக அவளுக்குள் எதுவும் அசையவில்லை. கொதிக்கும் பாத்திரம் விரலைச் சுட்டபோதுகூடக் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் இன்னும் இரண்டு, வீட்டை நோக்கி ஓரெட்டு முன்னால். அதற்கு மறுநாளும்.

பக்கத்து வீட்டு அலமு துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள். "பாரிஷ்ல, இந்த மழைக்கு, மண்ணு அரிச்சு கிழங்கு உருண்டிருக்கும்க்கா," என்றாள். வீடு இருக்கும் மேட்டைப் பார்த்து, "ஆனா மேட்டுப் பக்கம் எப்படிக்கா உருளும்?" என்று கேட்டாள்.

விஜயகுமாரி குனிந்து பார்த்தாள். அவர்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு செடியை விட்டுவைக்காத பெரிய நத்தைகள், அந்த இரட்டைத் தண்டுகளுக்கு ஒரு முழம் தள்ளியே அசையாமல் கிடந்தன.

கொல்லைப்படியருகே முளைத்ததைத் தோண்டினாள். கிழங்கு இல்லை. வெளுத்த தண்டு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. முழங்கை வரை கையை விட்டு இழுத்தாள். அடியிலிருந்து யாரோ மெல்லத் திருப்பி இழுத்தார்கள்.

பயம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. குழியை மூடிவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

அன்று மாலை, ஐந்தரைக்கே இருட்டிவிட்ட வீட்டைத் திறந்தபோது கரண்ட் இல்லை. பூட்டிக் கிடந்த அறைகளுக்குள் உப்பும் டீசலும் அழுகிய கடற்பாசியும் கலந்த வாடை முகத்தில் வந்து மோத, அடுப்படித் தளத்தில் எங்கோ சிமெண்ட் மெதுவாக விரிசல் விடும் சத்தம், தேங்காய் ஓடு வெயிலில் வெடிப்பதைப் போல, விட்டு விட்டுக் கேட்டது. செல்போன் வெளிச்சத்தைக் கீழே காட்டினாள். அடுப்பருகே இரண்டு பூ. நடையில் இரண்டு. படுக்கையறை வாசலில் இரண்டு.

அலமுவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

உள்ளே போனாள். கட்டிலருகே இரண்டு. அதற்கப்பால் எதுவும் இல்லை.

அவர் படுக்கும் பக்கம் மெத்தை ஆளளவு பள்ளமாகியிருந்தது. ஈரம் சொட்டியது.

"குமாரி," என்றது ஒரு குரல், வாய் நிறைய மண்ணோடு.

தன் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். கை மெத்தையில் ஊன்றியது. ஜில்லென்றிருந்தது. நான்கு மாதத்தில் அவள் உணர்ந்த முதல் குளிர். அப்போதுதான் பயம் வந்தது. மொத்தமாக.

கையை எடுக்கப் பார்த்தாள்.

விரிப்பைக் கிழித்துக்கொண்டு ஐந்து தண்டுகள் எழுந்தன. நான்கு நீளம், ஒன்று குட்டை. ஐந்தும் அவள் மணிக்கட்டைச் சுற்றி வளைந்து இறுகின. பிறகு, நுனிகளில், ஒவ்வொன்றாகப் பூத்தன.