சப்பாத்துத் தைத்த நூல்

மலையடிவாரத்து நல்லதண்ணியில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை இல்லை. மலையும் இல்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது.

“மூடுபனிதான் அண்ணை, வெயில் ஏறக் கலைஞ்சிடும்,” என்றார் சிவமணி.

சிவமணி வெள்ளவத்தையில் எனக்கு மேல் மாடிக்காரர். கனடா விசா கிடைத்தால் சிவனொளிபாதமலைக்கு வருவதாக நேர்ந்திருந்தார். விசா கிடைத்தது. மகள் சிவானிக்கு அங்கே தலைப்பிள்ளை பிறக்கப் போகிறது. பேரப்பிள்ளையை முதலில் கையில் வாங்குவது தான்தான் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நேர்த்தியை மட்டும் தள்ளிப்போட்டு, பறக்கிற கிழமைக்கு முந்தின கிழமை வந்து நின்றார். வெசாக் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் முடிந்து, பாதை விளக்கெல்லாம் கழற்றி, மலை வெறுமையாகக் கிடந்தது.

நான் கூடப் போனது பக்தியால் அல்ல. மேல் மாடிக்காரர் மூச்சு வாங்குவதைப் பார்க்கும் பாக்கியம் தினமும் வாய்ப்பதில்லை.

அடிவாரத்தில் திறந்திருந்தது றோஸியின் தேத்தண்ணிக் கடை ஒன்றுதான்.

“மொத தடவையா சார்? ஊசி நூல் வாங்கிட்டுப் போங்க. மேல ஊசி குத்துற எடத்துல வைக்கணும்.”

“ஊசி வைக்க மலை ஏறோணுமே? வீட்டிலை மனுசிட்டைக் குடுத்தா ரெண்டு சட்டையாவது தைப்பாள்,” என்றார் சிவமணி.

நானும் முதல் தடவைக்காரன். ஆனால் பயந்தவன். வாங்கினேன்.

அந்த இடத்தைச் சிங்களத்தில் இந்திகட்டுபான என்பார்கள். புத்தர் மலையேறும்போது அங்கே இருந்து தன் கிழிந்த காவியைத் தைத்தாராம். முதல் முறை வருகிறவர்கள் நூல் கோத்த ஊசியை அங்கே குத்திவிட்டு, நூலை மேல்நோக்கி இழுத்துக்கொண்டு போவது வழக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் பகல்தான். ஆனால் பனிக்குள் பகலும் பின்னேரமும் ஒன்று. போன யாத்திரைக் காலத்து நூல்கள் வேலியிலும் செடியிலும் சுற்றி, நனைந்து, பெரிய சிலந்தி ஒன்று குடும்பத்தோடு வாழ்ந்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. ஈரப்பாசி மணத்தது. அணைந்த கற்பூரமும் மணத்தது. கற்பூரம் கொளுத்த அங்கே ஆளில்லை.

அங்கேதான் சிவமணியின் சப்பாத்து வாயைத் திறந்தது.

மகள் அனுப்பிய விலையான சப்பாத்து. பழுதாகிவிடும் என்று வருடக்கணக்காக அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். வெள்ளவத்தை உப்புக் காற்றுக்குப் பூட்டும் ஒன்றுதான், பூட்டாததும் ஒன்றுதான். அடித்தோல் முழுவதும் கழன்று நாக்கு மாதிரித் தொங்கியது.

சிவமணி சுற்றிப் பார்த்தார். வேலியில் குத்தியிருந்த ஊசி ஒன்றை நூலோடு உருவினார்.

“வையும் ஐசே. அது ஆரோ நேர்ந்து வைச்சது.”

“வைச்சவன் திரும்ப வந்து கேக்கப்போறானே அண்ணை?”

சப்பாத்தை இழுத்துக் கட்டும்வரை ஊசியை உதட்டுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார், தையல்காரர் பிடிப்பதைப் போல. பிறகு நன்றாகத்தான் தைத்தார். நூல் முடிந்த பாடில்லை, மறுநுனி பனிக்குள் எங்கோ போயிருந்தது. அறுக்கக் கத்தியும் இல்லை.

“கிடக்கட்டும். நடக்க நடக்க அறுந்திடும்,” என்றார். ஊசியை நூலிலிருந்து கழற்றிக் கழுத்துப்பட்டியில் குத்திக்கொண்டார். நல்ல ஊசியாம்.

அப்போது எனக்குக் கேட்டது. உதட்டில் ஊசி வைத்திருப்பவர் வாய் திறக்காமல் முனகுவார் அல்லவா, அந்த முனகல்.

சிவமணியைப் பார்த்தேன். அவர் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தார். முனகவில்லை.

நான் வாங்கி வந்த ஊசியை வேலியில் குத்தினேன். மேலே போனோம், மணி அடித்தோம், எதையும் பார்க்காமல் இறங்கினோம்.

நூல் அறுந்திருக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அட்டனிலும் அறவில்லை. அவிசாவளையிலும் அறவில்லை. நான் சொல்வதை நம்பாதவர்கள் அருந்ததியிடம் கேட்கலாம். அருந்ததி சிவமணியின் மனைவி. ஒன்றையும் வீணாக்காததில் கணவனுக்குக் குரு. மறுநாள் காலை வாசலைக் கூட்டும்போது நூலைக் கண்டாள். கழற்றி வைத்த சப்பாத்திலிருந்து புறப்பட்டு, கதவின் கீழால் போய், படியிறங்கிப் போனது. வேறு பெண் என்றால் கத்தியிருப்பாள். அருந்ததி வெறும் பால்மா டின் ஒன்றை எடுத்து வந்து, நூலின் நடுவை அதில் மாட்டிச் சுற்றத் தொடங்கினாள்.

நான் பேப்பர் வாங்க மேலே போனபோது டின் பருத்திருந்தது.

“பாருங்கோ அண்ணை, நயம் நூல். கடையிலை இப்பிடிக் கிடையாது.”

“எங்கையிருந்து வருகுது?”

“எங்கையிருந்து வந்தா என்ன? வரட்டும்.”

அன்று அவளுக்கு நல்ல மனம். என் சட்டையில் பொத்தான் ஆடுவதைக் கண்டு, அந்த ஊசியாலும் அந்த நூலாலும் அங்கேயே இறுக்கித் தைத்து விட்டாள். ஒரு சதமும் கேட்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த நாளும் சுற்றினாள். நூல் ஈரமாக வரத் தொடங்கியது. பிறகு குளிராக வந்தது. வைகாசி வெக்கையில் வெள்ளவத்தையே அவிந்துகொண்டிருக்க, அவர்கள் வீட்டு வாசலில் மட்டும் எனக்குப் பல் கிட்டியது. நூலில் ஓர் அட்டை, உயிரோடு, நெளிந்துகொண்டு வந்தது. அருந்ததி அதன் மேல் உப்புப் போட்டுவிட்டுச் சுற்றினாள்.

மாலையில் நூல் இறுகியது.

இழுத்தாள். வரவில்லை.

“எங்கையோ கொளுவிட்டுது,” என்று முணுமுணுத்தாள்.

நான் குனிந்து நூலில் காதை வைத்தேன்.

முனகல்.

தூரத்தில் இல்லை.

“படியிலை ஆர்?” என்று கிசுகிசுத்தார் சிவமணி.

எட்டிப் பார்த்தேன். படியில் ஒருவரும் இல்லை. நூல் மட்டும் ஓர் ஆள் உயரத்தில், காற்றில் நேராக நின்றது.

“ஒருத்தரும் இல்லை,” என்றேன். “ஊசி வைச்சவர் கையிலை பிடிச்சிருக்கிறார்.”

சிவமணி கதவைச் சாத்தினார். நூலுக்குக் கதவு பொருட்டில்லை.

மறுநாள் காலை அவர் போட்ட கூச்சலில் நான் மேலே ஓடினேன். சப்பாத்து மூலையில் கிடந்தது. அதில் நூல் இல்லை. நூல் சிவமணியின் குதிக்காலில் இருந்தது. தோலுக்குள் போய் வெளியே வந்து, மீண்டும் உள்ளே போய், சின்னச் சின்னதாக, ஒரே அளவில். இரத்தம் இல்லை. அவ்வளவு சுத்தமான தையலை நான் பார்த்ததில்லை. அருந்ததி கத்தரிக்கோலை வைத்தாள். நூல்தான் நறுக்கென்றது, ஆனால் சிவமணி போட்ட சத்தத்தில் காகங்கள் எழும்பிப் பறந்தன. அறுந்த நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் விழுந்தது. பிறகு இரு நுனியும் தாமாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டன.

“சிவமணி, நான் சொல்லுறதைக் கேளும். இண்டைக்கே ஊசியைக் கொண்டுபோய் வைச்சிட்டு வருவம்.”

“விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை. வெள்ளிக்கிழமை பிளைட். பிள்ளைக்கு நாள் நெருங்கிட்டுது. கனடாவிலை நல்ல டொக்டர் இருக்கினம், ஒரு தையல் வெட்டத் தெரியாதே அவங்களுக்கு?”

“பிளேனுக்கு இந்த நூல் எட்டுமே?”

அவர் கோட்டின் கழுத்தில் ஊசியைக் குத்தி, காலுறையை மேலே இழுத்துக்கொண்டார். கனடாவில் ஊசி விலையாம்.

வெள்ளிக்கிழமை காலை கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் போனோம். நான் வழியனுப்பப் போனேன். சிவமணி வழியெல்லாம் பேசவில்லை. பேரப்பிள்ளையை நினைத்துக்கொண்டு வருகிறார் என்று அருந்ததி நினைத்தாள். நான் வேன் கதவின் கீழே பார்த்தேன். நூல் ரோட்டில் இழுபட்டு வந்தது, தொய்வில்லாமல்.

புறப்பாட்டு வாசலில் காவல்காரர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கொஹெத யன்னே, மஹத்தயா?” எங்கே பயணம் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

சிவமணி பதில் சொல்ல முயன்றார். கன்னம் அசைந்தது. தொண்டை அசைந்தது.

உதடு பிரியவில்லை.

மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்து, வெள்ளை நூலால், சின்னச் சின்னதாக, ஒரே அளவில்.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்க முடியாத மனிதன் கண்ணால் எவ்வளவு சத்தமாகக் கத்த முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு வலது குதிக்கால் பின்னால் போனது. இடது கால் அதைத் தொடர்ந்தது. தள்ளுவண்டிகளுக்கும் அழுகிற தாய்மாருக்கும் நடுவே சிவமணி பின்பக்கமாக நடந்தார். நான் கோட்டைப் பிடித்தேன். கழுத்தில் இருந்த ஊசி என் உள்ளங்கைக்குள் ஆழமாக இறங்கியது, விட்டேன். வெயிலுக்குள் போனார். கிழக்குப் பக்கமாக.

ஒலிபெருக்கி பயணிகளை அழைத்தது. அருந்ததி ரோட்டைப் பார்த்தாள். கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள்.

“பிள்ளை அங்கை தனிய அண்ணை,” என்றாள். “இந்த டிக்கெட்டுக்குக் காசும் திரும்பத் தரமாட்டினம்.”

உள்ளே போனாள்.

பேரன் பிறந்த படம் போனில் வந்தது. நல்ல கொழுகொழு பிள்ளை. அதே கிழமை நான் நல்லதண்ணிக்குப் போனேன். றோஸி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றினாள். இந்திகட்டுபானவில் வேலி ஓரத்தில் ஒரு கோட்டு நின்றது. பொத்தான்கள் பூட்டி, கைகள் மடித்து, விளிம்பெல்லாம் தைத்து மூடி. உள்ளே என்ன இருந்தது என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. அது முனகிக்கொண்டிருந்தது. ஊசி பழைய இடத்தில் குத்தியிருந்தது.

கணக்குச் சரி என்று நினைத்துத்தான் வீடு திரும்பினேன்.

பால்மா டின் இப்போது என் வீட்டில். பயணம் புறப்படுமுன் வீட்டுச் சாவியைத் தந்தபோது அருந்ததி அதையும் என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்த நூல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைகிறது. யாரோ அந்தப் பக்கமிருந்து சுற்றுகிறார்கள். இன்று காலை பார்த்தேன், டின்னின் அடி தெரிகிறது.

சட்டையைக் கழற்றி எறியும்படி மகன் போனில் சொல்கிறான். பொத்தானைத்தான் கழற்ற முடியவில்லை. அருந்ததி அன்று இறுக்கித் தைத்தாள் என்று சொன்னேன் அல்லவா, சட்டையோடு நிறுத்தவில்லை போலிருக்கிறது.

இதை எழுதும் மேசை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மேற்குப் பக்கம். என் கதிரை மட்டும் காலையிலிருந்து கதவுப் பக்கமாக நகர்கிறது.