இறக்கையில் ஒரு பென்சில் வட்டம்

மரியன் பாஸ்கோ தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது கிளெனிஸ் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள், எதற்கும் பதறாதவள். இன்று வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நான் வீட்டுல கட்டுற விமானத்துல யாரோ ஓட்டை போட்டிருக்காங்க, மரியன். ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தனை இருக்கோ? ஏறிப் பறக்கப்போறவ நான்தானே."

மரியன் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்தவள். அவள் எழுந்ததும், அங்கே காலை உணவுக்கு உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஃபெர்கஸ், பாதி தின்ற ரொட்டியோடு பின்னாலேயே ஓடினான். செய்திக்காக அவள் பின்னால் அலைவதையே அவன் உத்தியோகமாக்கிக்கொண்டு வெகுநாளாகிறது.

கிளெனிஸ் வீட்டில், ஒரு காலத்தில் கார் நின்ற ஷெட்டில் இப்போது கம்ப்ரஸரும், துளைபோடும் இயந்திரமும், தகடு வளைக்கும் இயந்திரமும் நின்றன. நடுவில் மட்டம் பிசகாத நீண்ட மர மேசை. கிளெனிஸின் கணவன், படகுத் தச்சன் ஆல்வின் இழைத்துக் கொடுத்தது. அதன்மேல் இறக்கையைத் தாங்கும் அலுமினியச் சட்டம் கிடந்தது. பறக்கும்போது அது முறிந்தால் பிழைக்க வழியே இல்லை.

சட்டத்தின் நட்டநடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றிப் பென்சிலால் அழுத்தமான வட்டம். பக்கத்தில் துளைக்கருவி வழுக்கி ஓடிய கீறல்.

"பென்சில் இங்க ஏது?" என்றாள் மரியன்.

"இங்க கிடையாது. பென்சில் கரி பட்டா அலுமினியத்த அரிச்சிடும். எல்லாத்துக்கும் மார்க்கர் பேனாதான்."

ஷெட்டின் சாவி மழைநீர்த் தொட்டிக்கு அடியில் தொங்குவது மூன்று பேருக்குத் தெரியும். மதியம் மூவரும் ஷெட்டில் நின்றார்கள். ரொவீனா இதே மாதிரி விமானத்தைத் தன் வீட்டில் கட்டுகிறவள். யார் முதலில் பறப்பது என்று அவளுக்கும் கிளெனிஸுக்கும் ஒரு பெட்டி பீர் பந்தயம். ஓட்டை போட்டது அவள்தான் என்று ஃபெர்கஸ் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டான்.

பக்கத்துப் பண்ணைக்காரன் கார்பெட் முந்திக்கொண்டான். "கம்ப்ரஸர் சத்தத்துல என் ஆடுங்க புல்லு மேய மாட்டேங்குது. அதுக்காக ட்ரில்ல எடுப்பேனா? கோடாலிய எடுத்திருப்பேன்."

"நீ எடுத்திருப்ப. எடுத்தா அந்தச் சத்தம் என் வீட்டுக்கே கேட்டிருக்கும்," என்றாள் ரொவீனா. ஆல்வின் மேசைமேல் கிடந்த உலோகத் தூளைக் கையால் ஒதுக்கினான்.

மரியன் சட்டத்தின் கீறலைத் தடவினாள். "கார்பெட், கலப்பையில ஓட்டை போடணும்னா முதல்ல என்ன பண்ணுவ?"

"பஞ்ச் ஆணிய வச்சுச் சுத்தியலால ஒரு தட்டு. குழி இல்லாட்டி ட்ரில் வழுக்கும்ல."

"இங்க வழுக்கியிருக்கு. உலோகத்தோட பழகுன கை, அவசரத்துலகூட முதல்ல குழி தட்டும். நீயும் தட்டியிருப்ப, ரொவீனாவும் தட்டியிருப்பா. அவ கை பென்சிலயும் தொடாது. இது மரத்தோட பழகுன கை. பென்சில்ல குறி, நேரா ட்ரில்."

ஃபெர்கஸ் குறிப்பேட்டை மூடினான். ஷெட்டில் மரவேலைக்காரன் ஒருவன்தான். "அப்போ கொலை முயற்சியா?" என்று குரல் தழைந்து கேட்டான்.

"கொல்ல நினைக்கிறவன் ஓட்டைய மறைப்பான், ஃபெர்கஸ். இவரு வட்டம் போட்டுக் காட்டியிருக்காரு. அவ பாக்காம விட்டுடக் கூடாதுன்னு பயந்திருக்காரு. கிளெனிஸ், வேற ஓட்டை தேடாத. இருக்காது."

எல்லாரும் ஆல்வினைப் பார்த்தார்கள். அவன் மேசையைப் பார்த்தான்.

"போன கோடையில பார்லி வயல்ல ஒரு சின்ன விமானம் விழுந்துச்சு. தீயணைக்கப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். ஓட்டுனவரோட ஒத்தச் செருப்ப நான்தான் எடுத்தேன்." அவன் கிளெனிஸ் பக்கம் திரும்பினான். "மேசையும் நானே பண்ணிக்குடுத்துட்டு, போகாதன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

கிளெனிஸுக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்ததால் எதையும் வெளியே காட்ட முடியவில்லை.

"வாயால சொல்லியிருக்கணும்," என்றாள் கடைசியில். "சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். சட்டமாவது மிஞ்சியிருக்கும்."

"இனிமே கட்ட மாட்டியா?" என்றான் ஆல்வின்.

"கட்டுவேன்."

அவள் அலமாரியிலிருந்து வழவழப்பான இரும்புக் கட்டி ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னாலிருந்து அடிக்க, இன்னொருவர் பின்னால் இதை அழுத்திப் பிடிக்க வேண்டும். இத்தனை நாளும் ரொவீனாதான் வந்து பிடித்துக் கொடுத்தாள்.

"புதுச் சட்டம் வந்ததும் நீதான் பிடிக்கிற."

"எனக்கு இது தெரியாதே, கிளென். ஒழுங்கா பிடிக்கலைன்னா?"

"நான் விழுந்துடுவேன்," என்றாள் கிளெனிஸ். "அதனால ஒழுங்கா பிடி."

ஆல்வின் அந்தக் கட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.