எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

காலை ஆறரை மணிக்கு நூல்மில் காலனி மூன்றாம் வீதியில் எல்லா வீட்டுக்கணினிகளும் ஒரே சமயத்தில் வாய் திறக்கும். ‘ஆறாம் எண் வீட்டில் மூவர், மூவரும் நலம். ஒருவருக்குச் சர்க்கரை சற்றுக் கூடியிருக்கிறது. எட்டாம் எண் வீட்டில் விருந்தாளி ஒருவர், மதுரையிலிருந்து.’ பல் துலக்கிக்கொண்டே வீதியின் சேதி முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம். முன்பெல்லாம் இதற்காக நாலு பெண்கள் அரை நாள் மெனக்கெடுவார்களாம். இப்போது மூன்று நிமிடம் போதும், அதுவும் சர்க்கரை அளவோடு.

தன்ஷிகாவின் பதினேழாம் எண் வீட்டைப் பற்றி மட்டும் பதினோரு நாளாக ‘தகவல் இல்லை’ என்றே வந்துகொண்டிருந்தது. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஊருக்கே தெரிந்த காலத்தில் ‘தகவல் இல்லை’ என்பதைவிடச் சுவையான தகவல் ஏது? ஆகவே எதிர்வீட்டு ரித்திகா அன்றைக்கும் வாசல் தாண்டி வந்து, கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுபத்திரண்டு வயது, கூடவே மூச்சிரைப்பு. மகன் கனடாவில். இடது கையில் கேட்காப்பு. அது இருக்கும்வரை எங்கே போனாலும் அவள் வீட்டுக் கணினியின் காது கூடவே போகும்.

“புதுக் கணினிப் பொட்டி எப்ப வருது அம்மிணி?” என்றாள்.

“பாக்கோணுங்க்கா,” என்றாள் தன்ஷிகா.

“பதினஞ்சு நாளுக்கு மேல பொட்டி இல்லாம இருந்தா தண்ணிய நிறுத்திப்போடுவான். ஞாவகம் இருக்குதுல்ல?”

“இருக்குதுங்க்கா.”

“செம்மலர் கடையிலதான வாங்குவ?”

தன்ஷிகா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில், தனியாளாக, இரண்டு கட்டுக் கீரை. ரித்திகாவின் பார்வை கீரைமேல் கொஞ்ச நேரம் தங்கியிருந்துவிட்டு, சமையலறை அலமாரிக்கு ஏறியது. அங்கேதான் பழைய கணினி கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. கீழ அடுப்புல இருந்த ரசம், எப்படி அலமாரி மேல ஏறிப் பொட்டியில கொட்டுச்சு?”

“கை தவறிப்போச்சுங்க்கா.”

“நல்லாத் தவறியிருக்குது. எனக்கெல்லாம் கை தவறுனா கீழதான் கொட்டும்.”

அவள் எழுந்து போகும்வரை சாமான் அறைக்குள் பாவாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாவாயி தன்ஷிகாவின் ஒரே மகள். பழைய பெயர்கள் மறுபடி நாகரிகமான வருடத்தில் பிறந்தவள். அவளைக் கொடுவாயில் கட்டிக்கொடுத்தபோது ஜாதகத்தோடு கூடவே பார்த்த பொருத்தம் கடைப் பொருத்தம். நம்மூரில் யார் வீட்டில் பெண் எடுத்தாலும் முதலில் வரும் கேள்வி, ‘கணினி எந்தக் கடை?’ என்பதுதான். செம்மலர் கணினியகத்தில் வாங்கிய பொட்டிகளெல்லாம் கிளைத்தொடர்பில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரு பொட்டி இன்னொரு பொட்டிக்கு வீட்டாரின் குணத்தைச் சொல்லி உத்தரவாதம் கொடுக்கும். மாப்பிள்ளை குடிப்பதில்லை, கோபப்படுவதில்லை, கை நீட்டுவதில்லை என்று கொடுவாய்ப் பொட்டி சொன்னது. எல்லாமே உண்மை. மனைவி அன்றைக்குப் பேசிய ஒவ்வொரு சொல்லையும் சாயங்காலம் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார் என்பதை யாரும் அதனிடம் கேட்கவில்லை, அதனால் அதுவும் சொல்லவில்லை.

கேட்டு முடித்ததும், பிடிக்காத சொல்லுக்கு ஒரு நாள் வீதம் கதவைப் பூட்டச் சொல்வாராம். பூட்டுகிற கையும் பொட்டிதான். புகார் கொடுக்கப் போனால் அலுவலகத்தில் வீட்டுக்கணினியின் சாட்சியம் கேட்டார்கள். ‘உரத்த குரல் இல்லை. காயம் இல்லை. அனைவரும் நலம்’ என்றது அது.

ஒருநாள் மின்சாரம் நின்ற பத்து நிமிடத்தில் பாவாயி கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறினால் முகம் பதிவாகும் என்று வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நடந்தே வந்து, பின்வாசலில் நின்றாள். அலமாரியின் மேலிருந்த பொட்டி அவளைப் பார்த்து, ‘வாருங்கள், பா’ என்று பெயரைத் தொடங்கியது. தன்ஷிகா அடுப்பிலிருந்த ரசச் சட்டியைத் தூக்கி அதன் தலையில் கவிழ்த்தாள். யோசித்துச் செய்ததல்ல. யோசித்திருந்தால் தண்ணீரை ஊற்றியிருப்பாள், இத்தனை கேள்வி வந்திருக்காது. மணிக்கு ஒருமுறை கிளம்பும் சேதி அந்த மணிக்குக் கிளம்பவில்லை. அதற்குள் மாப்பிள்ளை கிளைத்தொடர்பில் ‘காணவில்லை’ கொடுத்துவிட்டிருந்தார். இனி அவள் முகத்தையோ குரலையோ அறிகிற எந்தச் செம்மலர்ப் பொட்டியும் அடுத்த நொடி கொடுவாய்க்குச் சொல்லிவிடும்.

ஆக, எந்தக் கடை என்பதுதான் கேள்வி. செம்மலரில் வாங்கினால், புதுப்பொட்டி வீட்டுக்கு வந்ததும் வீதியே கூடிப் பாயசம் குடிக்க, அது முதல் காரியமாகத் தலை எண்ணும். வேறு கடையில் வாங்கினால் எண்ணாது. ஆனால் வேறு கடையில் வாங்கியதே போதும், அந்த வீட்டில் எண்ணக்கூடாத தலை ஏதோ இருக்கிறது என்று வீதி முடிவு கட்டிவிடும்.

“நான் போயிடறனுங்கம்மா,” என்றாள் பாவாயி அன்று மத்தியானம்.

“எங்க போவ?”

பொட்டி இல்லாத ஊர் எது என்று இருவருக்குமே தெரியாது.

மறுநாள் தன்ஷிகா கருவலூருக்குப் பஸ் ஏறினாள். கண்ணாடியும் குளிர்சாதனமும் கொண்ட ஏழு கணினிக் கடைகளை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போய், ஊர் தாண்டி ஒரு தகரக் கொட்டகை முன் இறங்கினாள். பெயர்ப் பலகை இல்லை. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தாள்.

“தனிப்பொறி வேணுமுங்களா?”

“ஆமாங்க.”

“யாரோடயும் பேசாது. விளக்கு, தண்ணி, அடுப்பு பாத்துக்கும். நீங்க கேட்டாத்தான் சொல்லும், கேக்காட்டி கம்முனு கெடக்கும். ஆஸ்பத்திரிக்குச் சொல்லாது, பக்கத்து வீட்டுக்குச் சொல்லாது. மருந்து தீந்தா நீங்களேதான் பாத்துக்கோணும். யோசிச்சுக்குங்க.”

யாருக்காக, எதற்காக என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாளில் தன்னைக் கேள்வி கேட்காத முதல் ஆள் அவள்தான் என்று தோன்றியது தன்ஷிகாவுக்கு.

செம்மலர்ப் பொட்டி சிவப்பு உறையில் வரும். இது சாம்பல் நிறச் சாக்கில் வந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை அதைச் சுமந்து நடந்தபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாம் எண் வீட்டுக்காரர் சாக்கைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார். ரித்திகா மட்டும் கேட்டிலிருந்தே, “செம்மலர்ல சிவப்புத் துணி தீந்துபோச்சா அம்மிணி?” என்றாள்.

“இங்க விலை கொஞ்சம் சல்லிசுங்க்கா.”

“ஆமாமா. சல்லிசுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க,” என்று காப்பைத் திருகிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை வீதியின் கணினிகள் பதினேழாம் எண்ணைச் சொல்லாமலே பதினெட்டுக்குப் போயின. அந்த வீடு கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. கேளாவீடு என்று அதற்குப் பெயர்.

தன்ஷிகாவுக்கு மூச்சிரைப்பு பழைய சொத்து. உறிகுழலில் இன்னும் எத்தனை இழுப்பு மிச்சம் என்று பழைய பொட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். இருபது இழுப்பு இருக்கும்போதே மருந்துக் கடைக்குச் சொல்லிவிடும். எண்ணுவது தன் வேலை என்பதே அவளுக்கு முப்பது வருடமாக மறந்துபோயிருந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மிளகாய் தாளித்த புகையில் இரைப்பு பிடித்தது. குழலை வாயில் வைத்து அழுத்தினாள். காற்றுத்தான் வந்தது.

அவள் சமையலறைத் தரையில் சரிந்தாள். பாவாயி ஓடி வந்து அவளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். தனிப்பொறி அலமாரியில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. கேட்டால் தண்ணீர் மட்டம் சொல்லும். பாவாயி ஜன்னலைப் பார்த்தாள். தன்ஷிகா தலையை ஆட்டினாள். பேச மூச்சில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள்.

பாவாயி ஜன்னலைத் திறந்து, இருந்த பலம் முழுவதையும் போட்டுக் கத்தினாள். “யாராச்சும் வாங்க. எங்கம்மாவுக்கு மூச்சு முட்டுதுங்க.”

அந்த வீதியில் மனிதர்கள் கத்தி நாற்பது வருடமாகியிருக்கும். ஆறாம் எண் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கவில்லை, பொட்டியைப் பார்த்தார். ‘வீதியில் அனைவரும் நலம்’ என்றது பொட்டி. அவர் மோரை ஊற்றிக்கொண்டார். எட்டாம் எண்ணிலும் அப்படியே. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன். அந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்தாயிற்று. கணக்கில் இல்லாத வீட்டில் யாருக்கு மூச்சு முட்டும்?

ஒட்டுக்கேட்பதை ஒரு நாளும் பொட்டியிடம் ஒப்படைக்காத ஒருத்திதான் அந்த வீதியில் மிச்சமிருந்தாள். ரித்திகா தெருவைத் தாண்டி ஓடி வந்தபோது தன்ஷிகாவின் கண் பாதி சொருகியிருந்தது. அவளுக்கு ஞாபகமிருந்தது இரண்டே விஷயங்கள். ரித்திகா தன்னுடைய உறிகுழலை அவள் வாயில் திணித்தது ஒன்று. திணித்த கையில் காப்பு இல்லாதது இன்னொன்று.

சாயங்காலம் கட்டிலில் சாய்ந்திருந்தவளுக்குப் பக்கத்தில் அதே நாற்காலி, அதே ரித்திகா. இப்போதும் கை வெறுமைதான். பாவாயி நிலைப்படியில் நின்றாள். ஒளிந்துகொள்ள இனி அவசியமில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“காப்பு எங்கீங்க்கா?” என்றாள் தன்ஷிகா.

“அரிசி டிரம்முக்குள்ள கெடக்குது. பொழுதோட எடுத்துப் போட்டுக்கிட்டாப் போச்சு.”

“இவ இங்க இருக்கறது எப்பத் தெரியுமுங்க?”

“மூணாம் நாளே தெரியும். பின்கொடியில ரெண்டு அளவுல பாவாடை காயுது. நீ என்ன, ஒரே நாள்ல எளச்சுப்போயி மறுக்கா பெருத்துப் போறியா?” அவள் பாவாயியைத் திரும்பிப் பார்த்தாள். “எம்பொட்டி முன்னாடி அந்தப் பேச்சே எடுக்கல சாமி. காப்பு கேக்கும்னுதான் செம்மலரு செம்மலருன்னு சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன். இத்தனை நாளு ஒரு சேதிய வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு இருந்தது எம்பட வாழ்நாள்லயே இதுதான் மொதத்தடவை. எனக்கு வயித்தால போகாதது ஆச்சரியம்.”

யாரும் சிரிக்கவில்லை. ரித்திகாவும் சிரிக்கவில்லை.

“நடுவுல வீட்டுக்குப் போயி காப்பக் கொஞ்ச நேரம் போட்டனல்ல. பொட்டி கேட்டுச்சு. ‘பகல் பன்னிரண்டு நாலுக்கு ஒரு பெண் குரல் கேட்டது. காணாமற்போன ஒருவரின் குரலோடு ஓரளவு பொருந்துகிறது, உறுதியில்லை. நீங்கள் பார்த்தீர்களா?’ன்னு.”

பாவாயியின் கை கதவைப் பிடித்தது.

“நாஞ் சொன்னேன், அவங்கம்மாதான் கத்துனது, மூச்சு முட்டறப்போ அம்மா குரலும் மக குரலும் ஒண்ணாட்டத்தான் இருக்கும்னு. அந்த ஊட்டுல எத்தனை பேருன்னுச்சு. ஒருத்திதான்னேன்.”

“அப்பறமுங்க?”

“‘குறித்துக்கொண்டேன்’னுச்சு. அதோட விடல. ‘உங்கள் நாடி வழக்கத்தைவிட வேகமாக இருக்கிறது. அதையும் குறித்துக்கொண்டேன்’னுச்சு.”

வெளியே ஏதோ வண்டி வந்து நின்றது. மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். பால் வண்டிதான்.

ரித்திகா இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். இருபத்தைந்து வருடம் காப்பு இருந்த இடத்தில் தோல் வெளுத்துப்போய் வளையமாகத் தெரிந்தது.

“அந்தக் கருவலூர்க் கடை,” என்றாள், “எந்த ஸ்டாப்புல எறங்கோணும்?”

தன்ஷிகா நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். “அது யாரோடயும் பேசாதுங்க்கா. உங்க பையன் தெனமும் காலையில உங்களைப் பாக்கறது செம்மலர் வழியாத்தான். இதுல அவரு முகமே வராதுங்க.”

“தெரியும்.”

“உங்களுக்கு ஏதாச்சும் ஆனாலும் ஒருத்தருக்கும் தெரியாதுங்க.”

“கத்தறேன். எதுக்கால ஊட்டுல ரெண்டு பேரு இருக்கீங்கல்ல,” என்றாள் ரித்திகா. “எந்த ஸ்டாப்புன்னு கேட்டேன்.”