கிரவல் குழியில் சொன்ன ஸலாம்

கிட்ட வாங்க செல்லங்களே, இன்னும் கொஞ்சம் ஒட்டி இருங்க. பாதியில் எழும்பிப் போகவிடாத கதை ஒன்று சொல்கிறேன்.

பல்லேகலவுக்கு அப்பால் ஒரு பறவைச் சரணாலயம் இருக்கிறது. முன்பு அது அக்குறணை நிஸாம் முதலாளி கிரவல் மண் தோண்டிய குழி. தண்ணீர் நிரம்பிய பிறகு, "இனி யாரும் இங்கே தோண்டக் கூடாது" என்ற நிபந்தனையோடு நிலத்தை அவரே கொடுத்தார். ஊர் மெச்சியது.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பௌர்ணமிப் போயா லீவில், வேறு ஆளில்லாத வேளை, குடைந்து வெட்டிய கரை சரிந்து அர்கம் என்ற தொழிலாளி புதைந்துபோனான். உள்ளேயிருந்து கூப்பிட்டான். விசாரணைக்குப் பயந்த நிஸாம் தோண்டவில்லை. குழி நிரம்பட்டும் என்று தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்தினார். தேடி வந்த அவன் உம்மாவிடம், "சொல்லாமக் கொள்ளாம கட்டாருக்குப் போயிட்டான்" என்றார்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவி மஸீனா அவரை விடாப்பிடியாக அங்கே கூட்டிப் போனாள்.

"ஊரெல்லாம் பாத்துட்டு வருது. குடுத்த மனிசன் மட்டும் எட்டிப் பாக்கல்ல. கொக்கு உங்களக் கடிக்கவா போகுது?"

கரையெங்கும் பனி. ஈர மண்ணின் வாசம். நாணல் அசையவில்லை, ஒரு குருவிச் சத்தமும் இல்லை.

இறந்தவர்களை அடக்கும் மையவாடியைக் கடக்கும்போது வாய் தானாகச் சொல்லுமே, கபுறாளிகளுக்கான ஸலாம், அது நிஸாமின் வாயிலிருந்து நழுவி விழுந்தது.

மஸீனா நின்றாள். "இங்க யாரு அடக்கம்? எதுக்கு அந்த ஸலாம்?"



பதில் தண்ணீரிலிருந்து வந்தது.

"வஅலைக்கும் ஸலாம், முதலாளி."

மண் அடைத்த தொண்டையின் குரல்.

"தோண்டுங்க."

நிஸாம் கரையடியில் முழந்தாளிட்டு வெறுங்கையால் கிரவலைப் பிறாண்டத் தொடங்கினார். மஸீனா தோளைப் பிடித்து இழுத்தாள். கை நிற்கவில்லை. நகம் பிய்ந்தது.

"இன்னும் கீழ. நான் கூப்பிட்டது கேட்டிச்சுதானே?"

"கேட்டிச்சுடா, அர்கம்," என்று முனகினார் நிஸாம். "கேட்டிச்சு."

மஸீனாவின் பிடி தளர்ந்தது. அவள் பின்வாங்கினாள்.

அப்போதுதான் கரை சரிந்து நிஸாமை மூடியது.

பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து தோண்டினார்கள். அர்கமின் எலும்புகள் கிடைத்தன. அவன் உம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தவள் மஸீனாதான். ஜனாஸாவும் தொழுது அடக்கினார்கள். எவ்வளவு ஆழம் போயும் நிஸாம் மட்டும் கிடைக்கவில்லை.

இப்போதும் காவலாளி காலையில் வந்து பார்த்தால், அந்த இடத்தில் ஈரக் கிரவல் குவிந்திருக்குமாம். கைப்பிடி கைப்பிடியாக.

கீழேயிருந்து யாரோ தோண்டித் தள்ளியது போல.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும், பிள்ளைகளே, அல்லாஹ் அவரவர் காலாலேயே வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவரட்டும்.